அடுத்த போஸ்டிங்குக்கும் கூட வரும் படிப்பு எது?

எங்கள் வீட்டில் மூன்று கறுப்பு டிரங்குப் பெட்டிகள் உண்டு. மூடியின் மேல் வெள்ளை பெயின்ட்டில், பட்டாளத்தில் இருக்கும் என் கணவருடைய நம்பர், ரேங்க், பெயர், யூனிட். கீழே போக வேண்டிய ஊரின் பெயர். ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் பழைய ஊரைக் கறுப்பு பூசி அழித்துவிட்டுப் புது ஊரை எழுதுவார். அப்படி அவர் பெயின்ட் டப்பாவைத் திறந்து உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பி.எட். முதலாண்டு முடிக்க இரண்டு மாதம் பாக்கி இருந்தது.

கல்லூரியில் போய்க் கேட்டேன். வராமல் படிக்க முடியாது, வேறு மாநிலக் கல்லூரிக்கு மாற்றித் தரவும் வழியில்லை என்றார்கள். கட்டிய பணம் திரும்பவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும், மகனுக்கு மூன்று வயது, தனியே அறை எடுத்துத் தங்க நமக்கு வசதியில்லை. ஒரு வருடப் படிப்பு அந்த ஊரிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நான் சேர்ந்த எந்தப் படிப்பையும் ஒரே கேள்வியால் அளந்துதான் சேர்ந்தேன்: நடுவில் போஸ்டிங் வந்தால் இது என்ன ஆகும்? கணவர் பட்டாளத்தில் இருக்கிற தங்கைகள் என்னிடம் "அக்கா, என்ன படிக்கலாம்?" என்று கேட்கும்போது நானும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். எந்தப் படிப்புக்கு மதிப்பு அதிகம், எதில் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் ரெகுலர் கல்லூரியையும் தொலைதூரக் கல்வியையும் எடுத்துக்கொள்வோம். நம்மில் பலர் நினைப்பது, குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடிகிற பீஸ் ஸ்டேஷனில் அவரோடு இருக்கும்போது ரெகுலராகப் படித்துவிடலாம், குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஃபீல்டுக்கு அவர் போய்விட்டால் தனியாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன படிப்பது என்று. நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். தலைகீழான கணக்கு அது. பீஸ் ஸ்டேஷன் என்பது இரண்டு மூன்று வருடம். குவார்ட்டர்ஸ் கிடைக்கக் காத்திருந்து, கிடைத்து, வீடு ஒழுங்குபடுத்தி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து மூச்சு விடுவதற்குள் ஆறேழு மாதம் ஓடியிருக்கும். மீதமிருக்கும் காலத்தில் இரண்டு வருட ரெகுலர் படிப்பு அடங்காது. ஆனால் அவர் ஃபீல்டுக்குப் போகும்போது நாம் எங்கே இருக்கிறோம்? சொந்த ஊரில், மாமியார் வீட்டில் அல்லது அம்மா வீட்டில். இல்லையென்றால் ஃபீல்டில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கென்று கொடுக்கும் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில். அந்தக் காலம் முழுக்க ஓரிடத்தில் நிலையாக இருக்கிறோம். மனசுக்குக் கஷ்டமான காலம்தான், ஃபோன் மணி அடித்தாலே நெஞ்சு பதறுகிற காலம்தான். ஆனால் வருகைப்பதிவு கேட்கிற படிப்புக்கு ஏற்ற காலமும் அதுவே. ரெகுலர் படிப்பை ஃபீல்டு காலத்துக்கு ஒதுக்குங்கள், தொலைதூரப் படிப்பைப் பீஸ் காலத்தில் தொடங்குங்கள். நான் சொல்வதில் இதை மட்டும் வைத்துக்கொண்டாலும் போதும்.

தொலைதூரம் என்றதும் நமக்கு எதிரே வருவது இரண்டு பெயர்கள். ஒன்று இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். இன்னொன்று 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கட்டணம் இரண்டிலும் ரெகுலர் கல்லூரி அளவுக்கு இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

இக்னோவின் பலம் நாடு முழுவதும் உள்ள அதன் மண்டல மையங்கள். சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும், தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். தேர்வுப் படிவம் நிரப்பும்போது எந்த ஊர் மையத்தில் எழுதுகிறோம் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் ஒரே பட்டத்தின் தாள்களை மூன்று மாநிலங்களில் எழுதியிருக்கிறேன். மூன்று வருட இளங்கலையை ஆறு வருடத்துக்குள் முடித்தால் போதும். அதனால் ஒரு பிரசவமோ ஒரு போஸ்டிங்கோ நடுவில் வந்தாலும் படிப்பு உடைவதில்லை, தள்ளிப்போகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் அசைன்மென்ட் உண்டு, அது மொத்த மதிப்பெண்ணில் சுமார் 30 சதவீதம் என்பதால் அலட்சியப்படுத்தக் கூடாது. இரவு பத்து மணிக்கு மகன் தூங்கியபின், டைனிங் டேபிள் இல்லாத வீட்டில், அதே டிரங்குப் பெட்டியின் மேல் பழைய போர்வையை விரித்துத்தான் அசைன்மென்ட் எழுதினேன். அந்தப் பெட்டியின் தாழ்ப்பாள் பதிந்த தழும்பு இன்னும் என் ரிஜிஸ்டர் அட்டைகளில் இருக்கிறது.

அதன் பலவீனம் மொழி. பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் திணறலாக இருக்கும். தமிழிலேயே படிக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நல்ல வழி. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லைக்குள்தான் தொலைதூரப் படிப்பு நடத்தலாம் என்பது யூஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. ராஜஸ்தானில் இருந்துகொண்டு ஒவ்வொரு தேர்வுக்கும் ரயிலேறி ஊருக்கு வருவது நடக்கிற காரியமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, பட்டம் கேட்கிற பதவி என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியாக இருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, பட்டத்தை மட்டும் ஆங்கிலத்தில் முடித்தால் பட்டம் கேட்கிற பதவிகளில் அந்தச் சலுகை போய்விடும். குரூப் 2 உங்கள் கனவு என்றால் சேர்வதற்கு முன்பே இதை யோசியுங்கள். சேர்ந்தபின் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

எங்கே சேர்ந்தாலும், யூஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்த ஆண்டு ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் பெரியது என்பதால் எல்லாப் படிப்புக்கும் அனுமதி இருக்கும் என்று அர்த்தமில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைதூரப் பட்டமும் இணையவழிப் பட்டமும் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யூஜிசி தெளிவாகச் சொல்லிவிட்டது. "கரஸ்ல படிச்சதுதானே" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் கவலைப்பட வேண்டாம்.

சரி, பி.எட்.டுக்கு வருவோம். நம் பெண்களில் பலர் முதலில் நினைப்பது இதைத்தான். காரணமும் நியாயமானது. நாட்டில் 130-க்கும் மேற்பட்ட ஆர்மி பப்ளிக் ஸ்கூல்கள் கன்டோன்மென்ட்களில் இருக்கின்றன. 1983-இல் தொடங்கிய ஆர்மி வெல்ஃபேர் எஜுகேஷன் சொசைட்டி அவற்றை நடத்துகிறது. போகிற ஸ்டேஷனில் ஒரு பள்ளி இருக்கும் வாய்ப்பு அதிகம், ஆசிரியர் தேர்வுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு ஸ்கிரீனிங் டெஸ்ட் இருக்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களிலும் ஒப்பந்த ஆசிரியர்களை எடுக்கிறார்கள். ஆசிரியர் வேலை நம்மோடு ஊர் ஊராக வரக்கூடிய வேலை.

சிக்கல் என்னவென்றால், வேலைதான் கூட வரும், அந்தப் படிப்பு வராது. 2014 விதிமுறைக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடம். வகுப்புகளுக்கு 80 சதவீதமும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் முடிக்க வேண்டும். இக்னோவில் தொலைதூர பி.எட். இருக்கிறதே என்று கேட்பார்கள். அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. புதிதாக ஆசிரியராக நினைக்கிறவருக்கு அந்தக் கதவு இல்லை. இதைத் தெரியாமல் புரோக்கர்களிடம் பணம் கொடுத்து, வகுப்புக்கே போகாமல் பி.எட். வாங்கித் தருகிறோம் என்ற பேச்சை நம்பியவர்களை நான் அறிவேன். நேரில் படிக்காத அந்தச் சான்றிதழ், சரிபார்ப்பின்போது உங்களை அவமானப்படுத்தும். வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்க ஆசை என்றால் பி.எட். சரியான வழியே இல்லை. முதல் ஐந்து வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அவர்களுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான். அதுவும் இரண்டு வருடம், அதுவும் நேரில். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாலே சேரலாம் என்பதால் பட்டம் இல்லாதவர்களுக்கு இது சுருக்கமான வழி. இரண்டில் எதை முடித்தாலும் சிடெட் எழுதிவிடுங்கள். சிபிஎஸ்இ நடத்தும் அந்தத் தகுதித் தேர்வில் ஒருமுறை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும். முன்பு ஏழு வருடம்தான் இருந்தது, 2021-இல் மாற்றினார்கள். ஐந்தாறு வருடம் வேலைக்குப் போகாமல் பிள்ளை வளர்க்கிற நம் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நமக்குத்தான் தெரியும்.

என் சொந்தக் கதையில், இரண்டாவது முறை பி.எட். சேர்ந்தது அவர் ஃபீல்டில் இருந்தபோது. எங்கள் ஊரிலிருந்து நாற்பது நிமிடப் பஸ் பயணத்தில் கல்லூரி. மாமியார் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். முடித்தேன்.

கணக்குப் பிடிக்கும் என்பவர்களுக்கு மூன்றாவது வழி இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் இணையவழிப் படிப்பு. நுழைவுக்கு ஜேஇஇ வேண்டாம், நான்கு வாரப் பாடம் கொடுத்து அதிலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். வயது வரம்பு இல்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பாதியில் இறங்கினாலும் கையில் ஏதாவது இருக்கும் என்பது: முதல் கட்டம் முடித்தால் சான்றிதழ், அடுத்தது டிப்ளமா, அதற்கடுத்தது பட்டம். போஸ்டிங் வாழ்க்கைக்காகவே வடிவமைத்தது போல இருக்கிறது. பாடம் வீட்டிலிருந்து, முக்கியத் தேர்வுகள் மட்டும் நேரில் ஏதாவது ஒரு நகர மையத்தில். ஆனால் எளிது என்று நினைத்து இறங்க வேண்டாம். வாரம் தவறாமல் அசைன்மென்ட், பாடம் ஆங்கிலத்தில், கணக்கு கடினம். நெட்வொர்க் சரியாகக் கிடைக்காத ஸ்டேஷனில் இருந்தால் இரட்டிப்புக் கஷ்டம். பணம் போட்டுப் பார்ப்பதற்கு முன் என்பிடெல், ஸ்வயம் போன்ற அரசு இணையவழிப் பாடத் தளங்களில் ஒரு பாடத்தை இலவசமாக எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு வாரம் ஒழுங்காக உட்கார முடிகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தையல், அழகுக்கலை, டேலி போன்ற குறுகிய பயிற்சிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கற்றுக்கொள்ளுங்கள், கைச்செலவுக்கு உதவும். பட்டத்துக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள்.

படிப்பு ஒரு பக்கம். நாலு பேர் முன்னால் நின்று பேசவும், ஒரு காரியத்தைத் தலைமை ஏற்று நடத்தவும் எங்கே கற்றுக்கொள்வது? இதற்கும் நம் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, 1966-இல் தொடங்கிய ஆவா, அதாவது இராணுவ வீரர் மனைவியர் நலச் சங்கம். யூனிட் அளவில் மாதந்தோறும் வெல்ஃபேர் மீட்டிங் நடக்கும். நான் முதன்முதலில் மைக் பிடித்தது அங்கேதான். தாய்ப்பால் பற்றி ஐந்து நிமிடம் இந்தியில் பேசச் சொன்னார்கள். எனக்கு அப்போது இந்தியில் காய்கறி பேரம் பேச மட்டும் தெரியும். எங்கள் சுபேதார் மேஜர் வீட்டு அக்கா, திருநெல்வேலிப் பக்கம், என்னைச் சமையலறையில் நிற்கவைத்து வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். "பஹனோ" (சகோதரிகளே) என்று ஆரம்பிக்கும்போது தலையைத் தூக்கிக் கடைசி வரிசையைப் பார், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மேடம்களைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார். அப்படியே செய்தேன், பேசி முடித்தேன். கையில் வைத்திருந்த காகிதம் வியர்வையில் ஊறி மை கரைந்திருந்தது. அந்த ஐந்து நிமிடம் இல்லையென்றால் பிறகு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன் நின்றிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அதனால் மீட்டிங்குக்குப் போகச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்பேன். ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே யார் எங்கே உட்காருவது என்பது பெரும்பாலும் கணவரின் ரேங்க்கைப் பொறுத்தது. இராணுவத் தலைமைத் தளபதியின் மனைவிதான் அகில இந்தியத் தலைவர், கமாண்டிங் ஆபீசரின் மனைவிதான் யூனிட்டில் தலைமை. நாயக் போன்ற கீழ் ரேங்க்கில் இருப்பவரின் மனைவி எவ்வளவு திறமையாக ஏற்பாடு செய்தாலும் அந்த நாற்காலி அவளுக்கு வராது. அவருக்கு போஸ்டிங் வந்தாலோ பென்ஷன் வந்தாலோ நமக்கு அங்கிருந்த இடமும் போய்விடும். பேசக் கற்றது நம்மோடு வரும், பொறுப்பு வராது.

இன்னொன்று, ஊரில் இருப்பவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழு. பன்னிரண்டிலிருந்து இருபது பேர், வாராந்திரக் கூட்டம், தீர்மான நோட்டு, வங்கிக் கணக்கு. அங்கே உங்கள் கணவர் யார் என்பது கணக்கில்லை. ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ நீங்கள் வந்தால் உங்கள் பெயரில் வருகிறீர்கள், வங்கியில் கையெழுத்து உங்களுடையது. கடன் கட்டாத பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், உறவும் முறியாமல் பணமும் வசூலாகும்படி பேசுவதைவிடக் கடினமான தலைமைப் பயிற்சி எந்த வகுப்பிலும் கிடையாது. தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் ஒதுக்கீடு. குழுவில் பழகியவர்கள் அங்கேயும் போயிருக்கிறார்கள். கணவர் எல்லையில், மனைவி ஊராட்சி மன்றத்தில் என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயமல்ல. அவரோடு போகிறபோது ஆவா, ஊரில் இருக்கிறபோது சுய உதவிக் குழு. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் தயங்காமல் குழுவைச் சொல்வேன்.

எழுதக் கை வராத ஒரு விஷயத்தையும் எழுதியாக வேண்டும். நமக்கு நடக்கக் கூடாதது நடந்துவிட்டால் என்ன வழி என்பது. பணியில் இருக்கும்போது இறந்த வீரர்களின் மனைவிகள், பட்டம் இருந்தால், 35 வயது வரை ஷார்ட் சர்வீஸ் எனும் குறுகிய காலப் பணி முறையில் இராணுவ அதிகாரியாகச் சேர விண்ணப்பிக்கலாம். அதிகாரிகளைத் தேர்வு செய்யும் வாரியமான எஸ்எஸ்பியின் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, அப்புறம் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. அதிகாரிகளின் மனைவிகளுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. சீன எல்லையில் உள்ள கல்வானில் உயிர்நீத்த வீர் சக்ரா விருதாளர் நாயக் தீபக் சிங்கின் மனைவி ரேகா சிங், ஆசிரியையாக இருந்தவர், 2023-இல் அந்த அகாடமியிலிருந்து லெப்டினன்டாக வெளியே வந்தார். அவர் கையில் ஒரு பட்டம் ஏற்கெனவே இருந்தது. "இப்போது எதற்குப் படிப்பு, அவர்தான் சம்பாதிக்கிறாரே" என்று சொல்கிறவர்களுக்கு நான் வேறு எந்தப் பதிலும் சொல்வதில்லை.

உதவித்தொகை விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பிரதமரின் கல்வி உதவித்தொகை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் உரியது. பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500 ரூபாய். 60 சதவீத மதிப்பெண் வேண்டும், தொழிற்கல்விப் படிப்பில் முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், தொலைதூரப் படிப்புக்குக் கிடையாது. பணியில் இருப்பவரின் மனைவிக்கு இது பொருந்தாது. அவர் ஓய்வு பெற்றபின் மகளுக்கு உதவும், அப்போது நினைவில் இருக்கட்டும்.

போன வாரம் பக்கத்து பிளாக்கிலிருந்து ஒரு தங்கை வந்தாள். இருபத்து மூன்று வயது, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், கைக்குழந்தை. கையில் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் விண்ணப்பம். அவள் வீட்டுக்காரர் இந்த ஸ்டேஷனுக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, பதினாறு என்றாள். அடுத்தது ஃபீல்டா என்று கேட்டேன். யூனிட்டில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். கல்லூரி விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு, இருவரும் என் ஃபோனில் இக்னோவின் இளங்கலைச் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்தோம். அவர் ஃபீல்டுக்குப் போகும்போது முதல் வருடத் தாள்கள் முடிந்திருக்கும். மீதியை ஊரில் இருந்தே எழுதலாம். பட்டம் கைக்கு வந்தபின் அடுத்த ஃபீல்டில் பி.எட். ஒரே ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்பினேன்: மதிப்பெண் பட்டியலும் டிசியும் உள்ள ஃபைலைப் பெட்டியில் வைத்து லாரியில் ஏற்றாதே, ரயிலில் உன் தோள்பையில் குழந்தையின் பால்புட்டி பக்கத்திலேயே வைத்துக்கொள்.